வேகத்துக்கு அபராதம் யார் தலையில்?

அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் மோட்டார் ஓட்டுகிறவனுக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். இதில் நமக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அந்த வேகத்துக்கு முதலில் பலியாகிறவர்கள் நம் மக்கள்தான்.

2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டு ரோடுகளில் விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கு. இவர்களில் நூற்றுக்கு 71 பேர் மாண்டது மிதமிஞ்சிய வேகத்தால் என்று அதே கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் மாண்டார்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் நம் ராஜ்யத்துக்குத்தான். 64,105 விபத்துக்கள்!

மாண்டவர்கள் யார்? நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேர் நடந்து போனவர்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து ரோட்டோரமாக வீடு திரும்புகிற மில் தொழிலாளி, களை எடுக்க விடியற்காலையில் வரிசையாக நடந்து போகிற பெண்கள், பழைய மொபெட்டில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற கூலிக்காரர் ஆகியோர்தான் இந்தக் கணக்கில் வருகிறார்கள். குளிர்சாதனக் காருக்குள் காற்றுப் பையும் இரும்புக் கூடும் காவல் இருக்க உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் சிறு பகுதியே. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி மோதும் சக்தி நான்கு மடங்காகிறது. அந்த நான்கு மடங்கையும் வெறும் உடம்பில் தாங்குகிறவர்கள் ஏழைகள்.

ஆகவே வேகத்தைத் தண்டிக்காதே என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் கேட்பது வேறு. தண்டனை எவன் மேல் விழுகிறது? எவன் மேல் விழ வேண்டியது எவன் தலையில் இறங்குகிறது? இதைப் பார்க்க வேண்டும்.

கோர்ட்டில் என்ன கிடைக்கும்?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். தெரியாதவனைத்தான் எல்லோரும் மிரட்டுகிறார்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்தான் நாடு முழுவதற்கும் சட்டம். 2019ல் பார்லிமெண்ட் இதைத் திருத்தி அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்திற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 1ந் தேதி முதல் புதிய தண்டனைகள் அமுலுக்கு வந்தன.

வேக வரம்பை மீறுவதற்கு உரியது 183ஆவது பிரிவு. முன்பு முதல் தடவை 400 ரூபாய் வரையிலும், மறு தடவை 1,000 ரூபாய் வரையிலும் அபராதம் இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, கார் போன்ற இலகு வண்டிகளுக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை. லாரி, பஸ் போன்ற நடுத்தர வண்டிகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் 2,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய் வரை. இரண்டாம் தடவை பிடிபட்டால் டிரைவரின் லைசென்சும் பறிமுதலாகும்.

வேகம் வரம்பை மீறியதோடு நில்லாமல், ஜனங்களுக்கு ஆபத்து உண்டாகும்படி தலைதெறிக்க ஓட்டினால் 184ஆவது பிரிவு பாயும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து விதிக்கலாம். மூன்று வருடத்துக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் சிறை இரண்டு வருடம் வரை போகும். அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் அதற்குத் தனிப் பிரிவும் தனித் தண்டனையும் உண்டு.

கவனக்குறைவான ஓட்டத்தால் ஒரு உயிர் போய்விட்டால் கேஸ் கிரிமினல் சட்டத்துக்குப் போகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை. 2024 ஜூலை 1ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 106ஆவது பிரிவின்படி ஐந்து வருடம் வரை.

இன்னொரு விஷயத்தையும் டிரைவர்கள் மனதில் வைக்க வேண்டும். 183ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு என்ன சொல்கிறது? "இவன் வேகமாக வந்தான் என்று என் கண்ணுக்குப் பட்டது" என்று ஒரே ஒரு சாட்சி சொன்னதை மட்டும் வைத்து ஒருவனைத் தண்டிக்கக் கூடாது. அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமாக இயந்திரக் கருவியோ எலெக்ட்ரானிக் கருவியோ வேகத்தை அளந்து காட்டியிருக்க வேண்டும். ஆகவே, வேகக் குற்றம் என்று ரசீது நீட்டினால் எந்தக் கருவி, எந்த இடம், எவ்வளவு வேகம் என்று கேளுங்கள். குற்றம் மெய்யானால் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டி விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். பொய்யானால் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போகிற உரிமை உங்களுக்கு உண்டு.

ஒரே அபராதம், ஒரே தண்டனையா?

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறார்கள். பணக்காரனுக்கும் 1,000 ரூபாய், ஏழைக்கும் 1,000 ரூபாய். இதைவிடச் சமம் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024-25ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அந்தக் கூலியில் வாழ்கிற ஒருவன் 1,000 ரூபாய் கட்ட வேண்டுமானால் மூன்று நாள் வெயிலில் மண் வெட்டியும் போதாது. 4,000 ரூபாய் என்றால் பன்னிரண்டு நாளுக்கு மேல். அத்தனை நாளும் அவன் வீட்டில் அடுப்பு எதைக் கொண்டு எரியும்?

மாதம் பதினைந்து லட்சம் ரூபாய் வருமானம் உள்ள ஒரு கம்பெனி டைரக்டரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு நாள் வருமானம் 50,000 ரூபாய். 1,000 ரூபாய் அபராதம் என்பது அவருக்கு அரை மணி நேர வரும்படி. அதுவும் தூங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான். காபி ஆறுவதற்குள் அபராதம் திரும்பி வந்துவிடும்! இவருக்கு இது தண்டனையா? வேகமாகப் போவதற்குச் சர்க்கார் விற்கிற டிக்கெட்டு!

லைசென்சைப் பறிப்பது எல்லோருக்கும் சமம்தானே என்று சிலர் கேட்கலாம். அதுவும் சமம் இல்லை. டிரைவருக்கு லைசென்சுதான் அரிசி, பருப்பு, பிள்ளையின் பள்ளிச் சம்பளம். அது போனால் அன்றே வேலை போயிற்று. முதலாளியின் லைசென்சு போனால் மறுநாள் காலையில் அவர் பின் சீட்டில் ஏறி உட்காருவார். ஓட்டுவதற்கு ஒரு ஆளை வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

ஒரே அளவு செருப்பை ஊர் முழுவதற்கும் போட்டுவிட்டு, எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தோம் என்று பெருமை பேசுவது போன்றது இந்தச் சமத்துவம். யாருக்குக் கடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அபராதத்தை வருமானத்துக்குத் தக்கபடி போட முடியுமா? முடியும். ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிற பின்லாந்து நாட்டில் 1921லேயே இந்த முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு "நாள் அபராதம்" என்று பெயர். பின்லாந்து சோஷலிஸ்ட் நாடு அல்ல. அங்கும் முதலாளிகள் ஆட்சிதான். அப்படியும் இந்த முறை அங்கே நூறு ஆண்டுகளாக நடக்கிறது.

அதன் கணக்கு சிக்கலானது அல்ல. வரி போகக் கையில் நிற்கும் மாத வருமானத்தில் ஒரு சிறு தொகையைப் பிழைப்புக்கு என்று கழிக்கிறார்கள். மிச்சத்தை அறுபதால் வகுக்கிறார்கள். வருகிற தொகைதான் அந்த ஆளுக்கு ஒரு நாள் அபராதம். குற்றம் எவ்வளவு பெரியதோ அத்தனை நாள் அபராதம். சின்ன வேக மீறலுக்கு எல்லோருக்கும் ஒரே தொகைதான். வரம்பைவிட மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் நாள் அபராதம் தொடங்குகிறது.

பிழைப்புக் கழிவை ஒதுக்கிவிட்டு, நம் ரூபாயில் சொல்வோம். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவனுக்கு ஒரு நாள் அபராதம் 250 ரூபாய். பத்து நாள் அபராதம் என்றால் 2,500 ரூபாய். மாதம் 15 லட்சம் வாங்குகிறவர் அதே குற்றம் செய்தால் ஒரு நாள் அபராதம் 25,000 ரூபாய். பத்து நாளுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். இரண்டு பேரும் கட்டுவது அவரவர் மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. இருவருக்கும் ஒரே அளவில்தான் வலிக்கும். சமம் என்றால் இதுதான் சமம்.

வெறும் ஏட்டில் இருக்கிற சட்டம் இல்லை இது. 2023ல் பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளில் ஒரு கோடீஸ்வர வியாபாரி, மணிக்கு 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பிடிபட்டார். அபராதம் 1,21,000 யூரோ! அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அவருடைய லைசென்சையும் பத்து நாள் நிறுத்தி வைத்தார்கள். அங்கே அரைமணி வரும்படியில் அபராதம் தீர்ந்துவிடாது.

பிரிட்டனிலும் இதில் பாதி வழி வந்திருக்கிறார்கள். 2017 ஏப்ரல் முதல் கோர்ட்டுகளுக்குக் கொடுத்துள்ள தண்டனை விதிமுறைப்படி, மிக மோசமான வேகத்துக்கு வார வருமானத்தில் ஒன்றரைப் பங்கை அபராதக் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 30 மைல் வரம்பில் 51 மைலுக்கு மேல் போனாலோ, 70 மைல் வரம்பில் 101 மைலுக்கு மேல் போனாலோ அந்தப் பட்டியலில் சேரும். லைசென்சை ஏழு நாள் முதல் 56 நாள் வரை நிறுத்தவும் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. அபராதம் எக்காரணத்தாலும் 1,000 பவுனைத் தாண்டக் கூடாது. மோட்டார் போக்குவரத்துக்கென்றே போட்ட பெருஞ்சாலையானால் 2,500 பவுன். உச்ச வரம்பு கட்டியாயிற்று! பஸ் கண்டக்டர் தன் வருமானத்துக்குத் தக்கபடி முழுசாகக் கட்டுவார். பிரபு வரம்பு வரையில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். சட்டத்தில் ஒரு கதவைத் திறந்தால், பணக்காரன் தப்பிக்க ஒரு ஜன்னலையும் சேர்த்தே வைக்கிறார்கள். எங்கும் இதே கதைதான்.

வேகத்தைக் கூட்டுவது யார்?

இது வரை சொன்னது பாதி விஷயம். மீதி விஷயத்தை மில் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஸ்பின்னிங்கில் ஒரு ஆள் பார்க்க வேண்டிய சைடுகளைக் கூட்டுவது யார்? மெஷினின் ஓட்டத்தை ஏற்றுவது யார்? தொழிலாளியா? நிர்வாகம்! ஆனால் கை சிக்கிக்கொண்டால் என்ன சொல்கிறார்கள்? "அவன் கவனமில்லாமல் வேலை செய்தான்."

ரோட்டிலும் இதே நாடகம்தான் நடக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றிய லாரி ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை மூன்று மணிக்குச் சென்னை கோயம்பேட்டில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. தூரம் சுமார் 450 கிலோமீட்டர். நேரம் ஆறு மணி. எங்கும் நிற்காமல், டீ குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல், டோல்கேட்டில் தாமதம் இல்லாமல், ஊருக்குள் வேகத்தைக் குறைக்காமல் மணிக்கு 75 கிலோமீட்டர் ஓட்டினால்தான் போய்ச் சேரலாம். லாரிக்கோ வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் பூட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. "மூணு மணிக்கு வண்டி நிக்கலேன்னா உன் பேட்டாவிலே புடிச்சிக்குவேன்" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டால், அந்தக் கருவியைக் கழற்றி வைப்பதைத் தவிர டிரைவருக்கு வேறு வழி என்ன?

தனியார் பஸ்ஸைப் பாருங்கள். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் இடையே சில நிமிஷங்கள்தான். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கலெக்ஷனை வைத்துப் படி. ஸ்டாப்பில் நிற்கிற நாலு பேரை எவன் முந்தி ஏற்றுகிறானோ அவனுக்குக் காசு. இது பந்தயக் குதிரைக்குப் போடுகிற கொள் அல்லாமல் வேறென்ன?

கிராமம் கிராமமாகச் சுற்றிப் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஷிப்டு சங்கு ஊதுமுன் மில் வாசலில் நிற்க வேண்டிய வேனும் இப்படித்தான் ஓடுகிறது. நடவுக்கும் களைக்கும் ஆட்களைச் சரக்கு வண்டியில் நிறுத்தி அடைத்து, காலையில் ஒரு வயல், மத்தியானம் ஒரு வயல் என்று விரட்டுகிற காண்டிராக்டரின் வண்டியும் அப்படித்தான். பத்து நிமிஷத்தில் பண்டம் வீட்டு வாசலில் என்று விளம்பரம் செய்து வியாபாரம் பிடித்த கம்பெனிகளையும் நாடு பார்த்தது. அந்தப் பத்து நிமிஷத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஓடியவன் மாதச் சம்பளம் இல்லாத ஒரு இளைஞன்.

தூங்குகிற ஷரத்து

இதற்கெல்லாம் சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது! நம்மில் மிகப் பலருக்குத் தெரியாதபடி அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

மேலே சொன்ன அதே 183ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டுகிறவனை மட்டும் அது குற்றவாளி என்று சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவனையோ, தன் கட்டுப்பாட்டில் இருக்கிறவனையோ அப்படி ஓட்டும்படி செய்கிறவனும் குற்றவாளி என்கிறது. அதோடு நிற்கவில்லை. நான்காவது உட்பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒரு பிரயாணத்தை இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிடுகிறார், அல்லது உத்தரவு போடுகிறார். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேருவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று கோர்ட்டு கருதினால், அந்த அட்டவணையோ உத்தரவோ அதைப் போட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல் நோக்கிலேயே சாட்சியமாகும்!

தோழர்களே, இதைத் திரும்பப் படியுங்கள். லாரி முதலாளியின் போன் உத்தரவு, பஸ் கம்பெனியின் டைம் அட்டவணை, மில் வேனுக்குக் கொடுத்த நேரச் சீட்டு ஆகிய இவையே அவர்களுக்கு எதிரான சாட்சியம் ஆகக்கூடும். டிரைவர் மேல் கேஸ் போடுகிற அதே பிரிவில் முதலாளி மேலும் கேஸ் போடலாம்.

எத்தனை முதலாளிகள் இந்த உட்பிரிவின் கீழ் கோர்ட்டுப் படி ஏறியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? காமிரா வண்டி நம்பரைப் படம் எடுக்கிறது. உத்தரவு போட்ட வாயைப் படம் எடுக்கிற காமிரா எங்கும் இல்லை. ரசீது வண்டிச் சொந்தக்காரர் பெயருக்கு வருகிறது. பல இடங்களில் அந்தத் தொகை அப்படியே டிரைவரின் சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது. குற்றத்துக்கு உத்தரவிட்டவன் கையில் லாபம் நிற்கிறது; உத்தரவை நிறைவேற்றியவன் கையில் அபராத ரசீது நிற்கிறது.

2024 காட்டிய இரண்டு காட்சிகள்

நீதியின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை 2024ஆம் ஆண்டு இரண்டு முறை நமக்குக் காட்டிற்று.

அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி பல ராஜ்யங்களில் லாரி டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் திரண்டது. காரணம் என்ன? புதிய பாரதிய நியாய சம்ஹிதாவின் 106ஆவது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு. விபத்தில் உயிர் போன பிறகு போலீசுக்கோ மாஜிஸ்டிரேட்டுக்கோ தெரிவிக்காமல் டிரைவர் இடத்தை விட்டுப் போனால் பத்து வருடம் வரை சிறை என்று அது சொன்னது. அடிபட்டவனை விட்டுவிட்டு ஓடுவது குற்றம்தான். ஆனால் அங்கேயே நின்றால் கூட்டத்தின் கையில் உயிர் போகும் என்ற பயத்துக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை என்று டிரைவர்கள் கேட்டார்கள். சர்க்கார் இறங்கி வந்தது. 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் அமுலாக்காமல் நிறுத்தி வைத்தது. ஒற்றுமையின் பலன் அது.

அதே ஆண்டு மே 19ந் தேதி அதிகாலை, புனே நகரத்தின் கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோட்டார் சைக்கிளில் மோதியது. அதில் சென்ற இரண்டு இளம் என்ஜினீயர்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், மாண்டார்கள். காரை மிதமிஞ்சிய வேகத்தில் ஓட்டியது பதினேழு வயதுப் பையன் என்றது போலீஸ். தகப்பனார் கட்டிடத் தொழில் முதலாளி. சில மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியம் அவனை ஜாமீனில் விட்டது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்தைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது! நாடே கொதித்து எழுந்த பிறகுதான் வாரியம் தன் உத்தரவை மாற்றிற்று. பையனின் ரத்த மாதிரியை மாற்றி வைத்ததாகக் குற்றம் சாட்டி டாக்டர்களையும் பிறகு கைது செய்தார்கள்.

சிறுவனைத் திருத்தத்தான் வேண்டும், தூக்கில் போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிறாருக்கென்று தனிச் சட்டம் இருப்பது நல்லதே. ஆனால் ஒரு கூலிக்காரன் மகன் சரக்கு ஆட்டோவை ஓட்டி இரண்டு பேரைக் கொன்றிருந்தால், அவனுக்கும் அதே வேகத்தில் ஜாமீனும் 300 சொல் கட்டுரையும் கிடைத்திருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

ஆட்சேபங்களுக்குப் பதில்

"இந்தியாவில் யாருடைய வருமானம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பணக்காரன் கணக்குக் காட்டமாட்டான். பின்லாந்து முறை இங்கே செல்லாது" என்று சிலர் சொல்கிறார்கள். வருமானத்தை மறைக்கலாம், காரை மறைக்க முடியுமா? ஒரு கோடி ரூபாய்க் காரின் விலையும் ரகமும் ரிஜிஸ்திரேஷன் ஆபீசில் பதிவாகி இருக்கிறதே! அதை வைத்து அபராதம் போடட்டும்.

இதற்குப் புதிதாகச் சட்டம் தேடவும் வேண்டாம். 2019 திருத்தத்தில் 210-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். சட்டத்தில் உள்ள ஒவ்வொரு அபராதத்தையும் ஒன்று முதல் பத்து மடங்கு வரை பெருக்குகிற அதிகாரத்தை மத்திய சர்க்காரின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ராஜ்ய சர்க்காருக்கு அது கொடுக்கிறது. வண்டியின் வகைக்குத் தக்கபடி வெவ்வேறு மடங்கு வைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆடம்பரக் காருக்குப் பத்து மடங்கு, ஏழையின் மொபெட்டுக்கு ஒரு மடங்கு என்று வைக்க இந்த வழி போதாதா?

"அபராதத்தை ஏற்றினால் எல்லோரும் பயப்படுவார்கள், விபத்து தானே குறையும்" என்று இன்னொரு வாதம். 2019ல் அபராதத்தை ஏற்றினார்கள். அந்த ஆண்டு ரோட்டில் மாண்டவர்கள் 1,51,113 பேர். மூன்று ஆண்டு கழித்து, 2022ல் 1,68,491 பேர். தொகையை ஏற்றுவதால் மட்டும் உயிர்கள் பிழைக்கவில்லை. வேகத்தால் லாபம் அடைகிறவனுக்கு வலிக்காத வரையில் வேகம் குறையாது.

"அப்படியானால் டிரைவர்கள் எல்லோரும் நிரபராதிகளா?" இல்லை. ஸ்டியரிங் அவர்கள் கையில் இருக்கிறது. யாரும் விரட்டாமல், வெறும் மிதப்பில் பாய்கிறவர்களும் உண்டு. ரோட்டில் நடக்கிற களையெடுப்புப் பெண்ணும் நம் சகோதரிதான். அவள் உயிரைவிட முதலாளியின் மூன்று மணி பெரிதல்ல. முடியாத நேரத்துக்கு "முடியாது" என்று சொல்ல ஒரு டிரைவர் தனியாக நின்றால் வேலை போகும். எல்லா டிரைவர்களும் சங்கமாகச் சேர்ந்து சொன்னால் நேரம்தான் மாறும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: அபராதம் ஆளின் சக்திக்குத் தக்கபடி இருக்க வேண்டும். வருமானத்தை வைத்துப் போடுங்கள். முடியாவிட்டால் வண்டியின் விலையையும் வகையையும் வைத்துப் போடுங்கள். உச்ச வரம்பு என்ற ஜன்னலை வைக்காதீர்கள்.

இரண்டு: சரக்கு வண்டி, பஸ், கம்பெனி வேன் எதுவானாலும் வேகக் குற்றத்தில் பிடிபட்டால், யார் என்ன நேரம் குறித்துக் கொடுத்தார்கள் என்று போலீஸ் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 183ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, உத்தரவிட்டவர்களைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும்.

மூன்று: முதலாளி போட்ட நேரத்துக்காக வந்த அபராதத்தை டிரைவரின் சம்பளத்திலோ பேட்டாவிலோ பிடிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

நான்கு: கலெக்ஷன் படியையும் நடைக் கூலியையும் ஒழித்து, மாதச் சம்பளமும் வரம்பு கட்டிய வேலை நேரமும் கொடுக்க வேண்டும். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே சொன்னது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் இரவும் பகலும் கண் விழிக்கிற லாரி டிரைவருக்கு அது எட்டவில்லை.

இவையெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. டிரைவர்களே, நேரம் குறித்து வருகிற போன் செய்திகளை அழிக்காதீர்கள். டிரிப் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிளம்பிய நேரமும் சேர வேண்டிய நேரமும் அதில் பதிவாகட்டும். கேஸ் வந்தால் தனியாகப் போய்த் தலையாட்டிவிட்டு வராமல், அந்தச் சீட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். மில் தொழிலாளர்களே, உங்களை ஏற்றி வருகிற வேனுக்கு நிர்வாகம் எத்தனை நிமிஷம் கொடுத்திருக்கிறது என்று கேளுங்கள். போதாது என்றால் டிரைவரைத் திட்டாதீர்கள்; வேன் கிளம்பும் நேரத்தை முன்னால் தள்ளும்படி மானேஜரிடம் எழுதிக் கொடுங்கள். விவசாயத் தொழிலாளர்களே, சரக்கு வண்டியில் ஆட்டு மந்தையைப் போல ஏற மறுத்து, ஆள் ஏற்றுகிற வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

வேகத்துக்குத் தண்டனை கட்டாயம் வேண்டும். காலால் மிதித்தவனைக் கேளுங்கள். வாயால் விரட்டியவனையும் கூண்டில் ஏற்றுங்கள். இரண்டு பேரும் அவரவர் பையின் கனத்துக்குத் தக்கபடி கட்டட்டும். அந்த நாள் வரும் வரையில் ரோட்டுச் சட்டம் பாதிச் சட்டம்தான். மறுபாதியைக் கேட்டு வாங்குவது நம் கடமை.